தாய்மாமன் வராததற்கு பஸ் கார்டே காரணம்

கோல சிலாங்கூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள மச்சான் திருச்செல்வம் அவர்களுக்கு,

இராமையா கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் லெட்சுமியும், அவளுடைய வலது முட்டியைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், நலமாகவே இருக்கிறோம். அங்கே நீங்களும், என் மருமகள் விஷாலினியும், புது மாப்பிள்ளை அகிலனும் எல்லா நலமும் பெற்றிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். என் தங்கை கண்மணியையும் இதே வரியில் சேர்த்து விசாரித்திருக்க வேண்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு விசாரிப்பது என்று தெரியாததால் அவளைத் தனியாக விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து அவளைப் பதினேழு முறை போனில் கூப்பிட்டுவிட்டேன். "அண்ணன மன்னிச்சிரும்மா" என்று வாட்சாப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது. கோடு மட்டும்தான் விழுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு, கையில் கரண்டி எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, நிறுத்தி நிதானமாக இதைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது சின்னத் தப்பு இல்லை, எனக்குத் தெரியும். பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டுத்தான் மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். அந்தத் தாய்மாமன் முகூர்த்தத்துக்கு வரவில்லை. போட்டோவை எனக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள். என் ஒன்றுவிட்ட தம்பி இருசப்பன், பாவம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வந்த மனுஷன், அவனைப் பிடித்து மேடையில் ஏற்றியிருக்கிறீர்கள். யாருடைய மாலையையோ வாங்கிக் கையில் கொடுத்திருக்கிறீர்கள். விஷாலினி கழுத்தை மாலைக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை வாசல் பக்கம் வைத்திருக்கிறாள். அந்தப் போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் கட்டைவிரலைக் கடித்துவைத்த பிள்ளை அது. இன்றோடு மூன்று நாளாக எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஒரு வாரம் முன்பே நீங்கள் சொன்னீர்கள்: "மச்சான், கண்ணு ஆபரேசன் பண்ணுன மனுசன், லைசன்சும் போயிருச்சு. பஸ்ல அலையாதீங்க, நான் கார் அனுப்புறேன்." நான்தான் கேட்கவில்லை. "பொண்ணு வீட்டுக் கார்ல வந்து எறங்குனா அது தாய்மாமன் சீரு இல்ல, ஆர்டர் குடுத்த சாமான்" என்று பேசினேன். அந்த வாயை இப்போது எதைக் கொண்டு அடைப்பது என்று தெரியவில்லை. மகன் செல்வாவுக்கோ அன்று கிள்ளானில் ஷிப்ட், லீவு கொடுக்கவில்லை. லெட்சுமிக்கு முட்டி. முதல் நாளே கிளம்பி வந்திருக்கலாம்தான். ஆனால் மாலை வாடிவிடும், அன்று காலையில் கட்டிய மாலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆக, சீர்த்தட்டும் மாலையும் நானுமாக பஸ் ஏறியது முழுக்க முழுக்க என் சொந்த யோசனை. இதுவரை என் தப்பு. இனிமேல் வருவது கார்டின் தப்பு.

இந்த வருடத் தொடக்கத்திலிருந்து எங்கள் பக்கத்து பஸ்களில் காசு வாங்குவதில்லை. டிரைவர் பக்கத்தில் இருந்த காசுப் பெட்டியைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு மெஷினை வைத்துவிட்டார்கள். ஏறும்போது கார்டை அதில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், இறங்கும்போது இன்னொரு தட்டு. இரண்டு தட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் போனோம் என்று மெஷினே கணக்குப் பார்த்து, கார்டில் போட்டு வைத்திருக்கும் பணத்தில் கழித்துக்கொள்ளும். அறுபது வயது தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம், அதற்குப் படம் போட்ட தனிக் கார்டு. செல்வாதான் எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்த புதுச் சாமான் எதையும் சாமி முன்னால் வைக்காமல் பயன்படுத்தியதில்லை என்று லெட்சுமி அதை வாங்கி, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கொடுத்தாள். ஃபிரிஜ்ஜுக்கும் இதையேதான் செய்தாள், அது பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. ஆனால் கார்டில் என் நெற்றிக்கு வைத்த பொட்டு மூக்கு வரை இறங்கி, படத்தில் இருப்பது நானா, அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் வேறு யாராவதா என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. அப்படியும் நான்கு முறை அதைத் தட்டிப் பஸ்ஸில் போய் வந்தேன். ஒரு குறையும் இல்லை. நான்கு முறையும் தனியாகப் போனேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

நம் ஆட்களுடைய பழக்கம் உங்களுக்குத் தெரியும், மச்சான். தெரிந்தவர் பஸ்ஸில் ஏறினால், முன்பே ஏறி உட்கார்ந்தவர்தான் அவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். அவர் வேண்டாம் என்பார், நாம் விடக் கூடாது. அவர் நம் கையைப் பிடிப்பார், நாம் உதற வேண்டும். கடைசியில் யாருடைய காசை டிரைவர் வாங்குகிறாரோ அவர்தான் அன்றைக்குப் பெரிய மனுஷன். முப்பத்திரண்டு வருடம் தோட்டத்து லோரி ஓட்டினேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகிறபோதும் வழியில் கை காட்டியவரை விட்டுவிட்டுப் போனதில்லை. சபாக் ஆஸ்பத்திரிக்குப் பிரசவக் கேஸ் கொண்டுபோயிருக்கிறேன். ஒருவரிடமும் ஒரு காசு வாங்கினதில்லை. அப்படிப்பட்டவன் லைசன்ஸ் போய் பஸ்ஸில் ஏறினால், எனக்கு இன்னொருவர் டிக்கெட் எடுக்க விடுவேனா? விட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பஸ். டிரைவர் அமீருல். அவன் அப்பா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், தெரிந்த பையன். நான் கார்டைத் தட்டிவிட்டு, மாலைப் பெட்டியை மடியிலும் சீர்த்தட்டைப் பக்கத்து சீட்டிலும் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு ஸ்டாப் தள்ளி, என்னோடு லோரியில் வேலை பார்த்த சன்னாசியும், அவன் சம்சாரமும், கொழுந்தியாளும் கையில் சில்லறையை வைத்துக்கொண்டு ஏறினார்கள். ஈஜோக்கில் ஏதோ துக்க வீடு. காசு செல்லாது என்று அமீருல் சொன்னதும் மூன்று பேரும் படியிலேயே நின்று முழித்தார்கள். நான் எழுந்தேன்.

"ஏன்டா நிக்கிற? உள்ள போ. நான் தட்டுறேன்."

"வேணாம்ணே, நாங்க எறங்கி வேற எதுலயாச்சும் போயிர்றோம்," என்று சன்னாசி என் கையைப் பிடித்தான். நான் உதறினேன்.

"அங்கிள், அது ஒரு ஆளு கார்டு லா," என்றான் அமீருல். "மத்தவங்களுக்குத் தட்டக் கூடாது."

"என் கார்டு, என் காசு. நீ ரோட்டப் பாரு தம்பி," என்று சொல்லிவிட்டு மூன்று பேருக்கும் மூன்று தட்டுத் தட்டினேன். ஒரு தட்டுக்கு மெஷின் ஒரு முறை கூவியது, அடுத்த தட்டுக்கு இரண்டு முறை. மரியாதை தெரிந்த மெஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

அது என்ன நினைத்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான் எனக்குத் தட்டியபோது 'இராமையா ஏறினார்' என்று எழுதிக்கொண்டது. சன்னாசிக்குத் தட்டியபோது 'இராமையா இறங்கினார்'. சன்னாசி சம்சாரத்துக்கு, 'ஏறினார்'. கொழுந்தியாளுக்கு, 'இறங்கினார்'. அதோடு என் பயணம் முடிந்தது. ஈஜோக்குக்குக் கொஞ்சம் முன்னால் செக்கிங் வந்தார்கள். சசிகுமார் என்று சட்டையில் பேர் குத்தியிருந்த நம் பையன், கையில் ஒரு சின்ன மெஷின். என் கார்டை வாங்கி அதில் வைத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கார்டில் இருந்த குங்குமத்தைப் பார்த்தான்.

"ஐயா, கார்டுப்படி நீங்க இந்த பஸ்ல இல்ல."

"நான் இல்லேன்னா நீ யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?"

"அது எனக்குத் தெரியாதுய்யா. நீங்க முக்கா மணி நேரத்துக்கு முன்னாலயே எறங்கிட்டீங்க."

சன்னாசி எனக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்து எழுந்து, "தம்பி, எங்க மூணு பேருக்கும் அண்ணன்தான் தட்டுனாரு," என்றான். "அவரே பஸ்ல இல்ல, அவரு உங்களுக்கு எங்கேர்ந்து தட்டுறது?" என்று அந்தப் பையன் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. நான் கத்தினேன். நீ பிறக்கும் முன்னால் இந்த ரோட்டில் லோரி ஓட்டியவன், அது இது என்று என்னென்னவோ சொன்னேன். பிள்ளை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டது. கடைசியில் மாலைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்குப் போறீங்க, போங்கய்யா. எறங்குறப்ப மட்டும் தட்டுங்க," என்று விட்டுவிட்டான். அவன் அபராதம் போட்டிருக்கலாம், போடவில்லை. அந்தப் பிள்ளையை அப்படிப் பேசினதற்கும் இப்போது வருத்தமாக இருக்கிறது.

அவன் சொன்னபடியே ரவாங்கில் இறங்கும்போது தட்டினேன். ஏற்கெனவே இறங்கினவன் மறுபடி தட்டினால் மெஷின் என்ன நினைக்கும்? ரவாங்கில் ஏறுகிறேன் என்று நினைத்தது. நான் இறங்கிப் போய், உங்கள் மண்டபத்துக்கு வரும் பத்தாங் காலி பஸ்ஸில் ஏறித் தட்டினேன். இவன் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குகிறான் என்றே தெரியவில்லை, இருக்கிற கட்டணத்திலேயே பெரியதைப் போடு என்று அங்கிருந்த மெஷின் கார்டில் மிச்சம் இருந்ததை எல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு சிவப்பு விளக்கைப் போட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். டிரைவர் ஒரு மலாய்க்காரப் பெண். "பாக்கி தாக் சுகுப், பாக்சிக்," என்றாள், பாக்கி போதாது பெரியவரே என்று அர்த்தம். ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினேன். அதை எங்கே போடுவது என்பது போல் மெஷினைக் காட்டினாள். போட இடமில்லைதான். பின்னால் வரிசையில் ஆள் நின்றது.

இறங்கிவிட்டேன். கார்டுக்குப் பணம் போடும் கவுண்டர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத்தான் திறக்கும் என்று எழுதிப் போட்டிருந்தது. முகூர்த்தமோ ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் யாரையாவது கேட்டு அவர்கள் கார்டைத் தட்டச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு வாய் வரவில்லை, மச்சான். பெஞ்சில் உட்கார்ந்து, மாலைக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, பத்தரை ஆகிறதைப் பார்த்தேன். பதினோரு மணிக்குக் கவுண்டரைத் திறந்தார்கள். பந்தி நடக்கிற நேரத்தில் மாலையோடு வந்து நின்று என்ன செய்வது என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். லெட்சுமி மாலையை வாங்கி முருகன் படத்துக்குப் போட்டாள். கல்யாணத்துக்குக் கட்டிய மாலை, படத்தைவிடப் பெரியது. முருகன் இன்னும் வெளியே வரவில்லை.

ஆகவே நடந்ததற்குக் கார்டே காரணம் என்பதைக் கண்மணிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் டிஸ்திரிக்ட் ஆபீசில் இருபது வருடம் இருந்தவர், கடிதம் எழுதினால் மேலே இருப்பவர்கள் பயப்படும்படி எழுதுவீர்கள். அந்த பஸ் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதுங்கள். ஒருவன் தெரிந்தவருக்கு டிக்கெட் எடுப்பது எந்த ஊரில் குற்றம் என்று கேளுங்கள். வேண்டுமானால் நான் கையெழுத்துப் போடுகிறேன். சீர்ப் புடவையைத் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன், விஷாலினி அதைக் கட்டாவிட்டாலும் பிரித்தாவது பார்க்கட்டும். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு நாள் இங்கே விருந்துக்கு வர வேண்டும். பாசிர் பெனம்பாங்கில் நண்டு வாங்கி லெட்சுமி சமைப்பாள், ஒரு முட்டியோடு நின்றாவது சமைப்பாள்.

மணமக்கள் பதினாறு செல்வமும் பெற்று, அவற்றில் முதலாவதாகச் சொந்தக் கார் பெற்று, தெரிந்தவர்களை எல்லாம் அதில் ஏற்றிக்கொண்டு நீடு வாழ வாழ்த்துகிறேன். உங்களுக்கு என் வணக்கம். கண்மணிக்கு அண்ணனின் ஆசீர்வாதம், வாங்கிக்கொள்வாளானால்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து கையெழுத்துப் போட முடியாத மச்சான்,
இராமையா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் போட்ட நேரத்தில் செல்வா வந்தான். கார்டில் என்ன ஆச்சு, பார்க்கிறேன் என்று அதன் எண்ணைப் போனில் போட்டான். கார்டு போன இடம், வந்த இடம், பணம் போட்ட இடம் எல்லாம் மணியோடு அதில் வருமாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பார்த்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்காதபடி, "அப்பா, ஞாயித்துக்கெழம ஒம்பது நாப்பதுக்கு பத்தாங் காலியில காசு போட்டிருக்கு. நீங்க ரவாங்கத் தாண்டலன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டான். அவனை அனுப்பிவிட்டு உறையைப் பிரித்தேன். உங்களுக்குச் சொல்கிறேன்.

ரவாங்கில் அந்தப் பத்தாங் காலி பஸ்ஸை விட்டு நான் இறங்கவில்லை, மச்சான். பின்னால் நின்றவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி எனக்கும் சேர்த்துத் தட்டிவிட்டார். அவர் கையில் எந்தக் கார்டு இருந்ததோ, இரண்டுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. பட்டு ஜிப்பா, பெரிய மோதிரம். கார் வழியில் நின்றுவிட்டதாம். "பெரியவருகிட்ட காசு இல்ல போலிருக்கு, உள்ள போகட்டும்," என்று டிரைவரிடம் சொன்னது பஸ் முழுக்கக் கேட்டது. நான் ஐம்பது வெள்ளி நோட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். சீர்த்தட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தேன், சட்டையும் பஸ்ஸில் கசங்கியிருந்தது. போகும் வழியில் அவர் ஒரு ஐந்து வெள்ளியை என் சட்டைப் பையில் சொருகி, "டீ குடிங்கய்யா," என்றார். என் இரண்டு கையிலும் மாலைப் பெட்டி இருந்தது. தடுக்க முடியவில்லை. நல்ல மனுஷன், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பத்தாங் காலி வந்தது. அவரும் அங்கேதான் இறங்கினார். ஸ்டாப்பை ஒட்டியே உங்கள் கல்யாண மண்டபம். நாதஸ்வரத்தோடு வந்து, பன்னீர் தெளித்து, "மாப்பிள்ளையோட தாய்மாமன் வந்துட்டாரு," என்று அவரை உள்ளே அழைத்துப் போனீர்கள். நீங்கள்தான் சந்தனம் கொடுத்தீர்கள், மச்சான்; கடைசியாக இறங்கி பஸ் மறைவில் நின்ற என்னை நீங்கள் பார்க்கவில்லை. இன்னும் பத்து நிமிஷத்தில் இரண்டு பக்கத்துத் தாய்மாமனும் சபை நடுவில் எதிரெதிரே நின்று மாலை மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு டீக்குக் காசு கொடுத்தவர் கழுத்தில் நான் மாலை போட வேண்டும். திரும்பி ரோட்டைத் தாண்டினேன். எதிர்ப்பக்கத்துச் சின்னக் கடைக்குள் போய் நின்றேன். முக்கால் மணி நேரத்தில் கடைப் பெண் என்ன வேண்டும் என்று மூன்றாவது முறை கேட்டபோது, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று கார்டை நீட்டினேன். பணம் போட்டுக் கொடுத்தாள், ஒரு நிமிஷ வேலை. கார்டில் ஒரு குறையும் இல்லை. அதனால் புகார் எழுத வேண்டாம். அந்த ஐந்து வெள்ளியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், அவரிடம் சேர்த்துவிடுங்கள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

கடை வாசலில் நின்றுதான் பார்த்தேன். கண்மணி பட்டுப் புடவையோடு மண்டபத்தை விட்டு வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்றாள். ரவாங் பஸ் வந்தது. இறங்கிய ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. இன்னொரு பஸ் வந்தது, அதையும் பார்த்தாள். ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை.